மாட்டாஸ்பத்திரிக்கு வந்த பூனை

1982-ல் நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த மாட்டாஸ்பத்திரி, கீழத்தஞ்சையில் ஒரு கடைத்தெருவின் கோடியில் இருந்தது. வாசலில் வேப்பமரம். மரத்தடியில் மாடு நிறுத்தி ஊசி போட ஒரு மரச்சட்டம். உள்ளே மேசைமேல் நீளமான பதிவேடு. பசு, காளை, எருமை, ஆடு, கோழி, நாய் என்று கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருக்கும். கடைசிக் கட்டத்தின் தலைப்பு ‘இதர’.

சேர்ந்த மூன்றாம் மாதம் ஒரு பாட்டி, சாக்குப்பைக்குள் பூனையை வைத்து இடுப்பில் அணைத்தபடி வந்தார். ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒருவர், “ஏன் ஆத்தா, பூனைக்கெல்லாமா வைத்தியம்?” என்று கேட்டார். பாட்டி அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: “அதுவும் வீட்டுல ஒரு உசுருதானே, டாக்டரம்மா.” காலில் ஆறாத புண். கழுவி, மருந்து வைத்து, கட்டுப் போட்டு அனுப்பினேன். பதிவேட்டை எடுத்தபோது எழுத இடமில்லை. ‘இதர’ கட்டத்தில் ஒரு கோடு கிழித்தேன்.

முப்பத்து நான்கு ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றபிறகும் அந்தக் கட்டம் என் மனதைவிட்டுப் போகவில்லை. நம் வீட்டு அடுப்படியிலேயே படுத்துக் கிடக்கும் பிராணி, வைத்தியத்தின் வரிசையில் ஏன் இவ்வளவு பின்னால் நின்றது? அதைத் தேடிப் படித்ததும், என் கையில் பிழைத்த, பிழைக்காத பூனைகள் சொல்லிக் கொடுத்ததும்தான் இந்தக் கட்டுரை.

பூனை நம் வீட்டுக்கு வந்தது எலியின் பின்னால். எலி வந்தது தானியத்தின் பின்னால். சைப்ரஸ் தீவில் ஷிலூரோகாம்போஸ் என்ற இடத்தில், சுமார் 9,500 ஆண்டுக்கு முந்தைய மனிதப் புதைகுழிக்குப் பக்கத்தில் ஒரு பூனையின் முழு எலும்புக்கூடு கிடைத்தது. அந்தத் தீவுக்குப் பூனை தானாக வந்திருக்க வழியில்லை. யாரோ படகில் ஏற்றிக் கொண்டுவந்திருக்க வேண்டும். எகிப்தில் வீட்டுப் பூனை செத்தால் குடும்பத்தார் புருவத்தை மழித்துக்கொண்டு துக்கம் காத்ததாக ஹெரோடோட்டஸ் எழுதினார்.

நம் பக்கத்திலும் பூனை கண்ணில் படாமல் இல்லை. மாமல்லபுரத்தின் பெரிய பாறைச் சிற்பத்தில் முன்னங்கால்களைத் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்கிற பூனை இருக்கிறது; காலடியில் எலிகள். கம்பர் இராம காதையைச் சொல்லப் புகுந்த தம் ஆசையை, பாற்கடலை நக்கிக் குடித்துவிடப் போன பூனையோடு ஒப்பிட்டார். இறைவன் தானே வந்து அடியாரைத் தூக்கிக்கொள்வான் என்பதற்குத் தென்கலை வைணவர்கள் எடுத்த உவமை, தாய்ப்பூனை குட்டியைப் பிடரியில் கவ்வித் தூக்குவது. மார்ஜார நியாயம் என்பார்கள். தாய் கவ்வியதும் குட்டி கைகால்களை மடக்கித் துவண்டு தொங்குவதை யாரோ பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறார்கள்.

இவ்வளவு பார்த்தவர்கள் பூனைக்கு வைத்திய நூல் எழுதவில்லை. யானைக்குப் பாலகாப்பியர் பெயரில் பெரிய மருத்துவ நூல் உண்டு. குதிரைக்குச் சாலிஹோத்திரர். மாட்டுக்குத் தமிழிலேயே மாட்டு வாகடம், ஓலைச்சுவடிகளாக இருந்தது. போருக்குப் போகும் பிராணிக்கும் ஏர் இழுக்கும் பிராணிக்கும் நூல் எழுதினார்கள். எலி பிடிக்கும் பிராணி செத்தால் அடுத்த வீட்டில் ஒரு குட்டி கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பூனைக்கான வைத்தியம் ஓலையில் ஏறாமல் அடுப்படியிலேயே தங்கிவிட்டது. அதை வைத்திருந்தவர்கள் பெண்கள். அவர்களில் ஒருத்தி என் அப்பாயி.

மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. முற்றத்தை ஒட்டி நெல் பத்தாயம். அதற்கடியில் தலைமுறை தலைமுறையாகப் பூனைகள். கொட்டாங்கச்சியில் பால்சோறு, மீன் வாங்கும் நாளில் தலையும் குடலும், மற்றது எல்லாம் எலி. பின்கட்டில் விளிம்பு உடைந்த ஒரு மண்சட்டி நிறைய அடுப்புச் சாம்பல் இருக்கும். மழைநாளில் பூனை அதில்தான் போகும். ராத்திரி விளக்கை இறக்குவதற்கு முன்னால் அப்பாயி மூன்று கேள்வி கேட்பாள்: “பூன தின்னுச்சா? சாம்பல்ல போச்சா? ஒடம்ப நக்கிக்கிச்சா?” மூன்றுக்கும் ஆமாம் என்றால் படுத்துவிடுவாள். ஒன்றுக்கு இல்லை என்றால் விளக்கை எடுத்துக்கொண்டு பூனையைத் தேடிப் போவாள்.

ஒருமுறை தாய்ப்பூனையை நாய் கடித்துக் கொன்றுவிட்டது. கண் திறக்காத குட்டிகள் மூன்று. அப்பாயி ஒரு பழைய கூடையில் வைக்கோல் பரப்பி, நூல்புடவைக் கிழிசலைப் போட்டு, தணிந்த அடுப்புக்கு ஒரு முழம் தள்ளி வைத்தாள். பஞ்சுத்திரியை ஆட்டுப்பாலில் நனைத்து வாயில் வைப்பாள். குட்டியை மல்லாத்தவே விடமாட்டாள். “புள்ளைக்குக் குடுக்குற மாதிரி குடுத்தா புரையேறிச் செத்துடும்டி” என்பாள். குடித்து முடித்ததும் வெந்நீரில் நனைத்த துணியால் வால் அடியில் மெதுவாகத் துடைப்பாள். துடைத்தால்தான் குட்டி ஒன்றுக்கு இருக்கும். தாய் நாக்கால் செய்வதைத் துணியால் செய்தாள். மூன்றில் இரண்டு பிழைத்தன.

பிற்பாடு கல்லூரியில் படித்தபோது, முதல் சில வாரங்களில் குட்டியால் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது, தூண்டிவிடாமல் சிறுநீர் கழிக்கவும் முடியாது என்று வந்தது. கையெழுத்துப் போடத் தெரியாத அப்பாயிக்கு இது எப்படித் தெரிந்தது என்று நான் திகைக்கவில்லை. அவள் தாய்ப்பூனையைப் பார்த்திருந்தாள், அவ்வளவுதான். ஆட்டுப்பால் மட்டும் அன்றைக்குக் கிடைத்ததில் நல்லது, அதற்குமேல் இல்லை. தாய்ப்பூனையின் பாலில் உள்ள அளவுக்குப் புரதமும் கொழுப்பும் ஆட்டுப்பாலிலும் கிடையாது, பசும்பாலிலும் கிடையாது. குட்டிகளுக்கென்றே பால்மாவு விற்கிற காலத்தில் அதைத்தான் கொடுக்க வேண்டும்.

கொல்லையில் களை பிடுங்கும் நாளில் இன்னொன்றைப் பார்த்திருக்கிறேன். குப்பைமேனிச் செடியை வேரோடு பிடுங்கிப் போட்டால், எங்கிருந்தோ பூனை ஓடிவரும். வேரில் முகத்தைத் தேய்க்கும், கவ்வும், புரளும், கண் சொக்கிக் கிடக்கும். குப்பைமேனிக்கு நம் மூலிகைக்காரர்கள் வைத்த இன்னொரு பெயர் பூனைவணங்கி. இந்தியப் பெருங்கடலில் உள்ள கிறிஸ்துமஸ் தீவில் காட்டுப் பூனைகளாகத் திரிபவையும் இதே வேருக்கு வருவதைக் கண்டு, ஆஸ்திரேலிய வேதியியலாளர்கள் 2016-ல் அதிலிருந்து பூனையை மயக்கும் பொருள்களைப் பிரித்தெடுத்தார்கள். நாம் பெயரிலேயே வைத்திருந்த செய்தி.

அடுப்படி வைத்தியம் எல்லாம் நல்லதென்று சொல்லமாட்டேன். உண்ணி, தெள்ளுப்பூச்சிக்கு மண்ணெண்ணெய் தடவுவார்கள். சிரங்குக்கு வேப்பெண்ணெயில் கற்பூரம் குழைத்துப் பூசுவார்கள். மாட்டுக்குப் பூசினால் மாட்டின் தோலோடு போயிற்று. பூனைக்குப் பூசியதெல்லாம் பூனையின் வயிற்றுக்குள் போகும். அது விழித்திருக்கும் நேரத்தில் கணிசமான பங்கை உடம்பை நக்குவதில் செலவிடுகிற பிராணி. மேலே தடவும் மருந்தையும் உள்ளே கொடுக்கும் மருந்தாக நினைத்துத்தான் பூனையிடம் போக வேண்டும்.

படித்த வைத்தியமும் பூனையிடம் நேராக வரவில்லை. 1761-ல் பிரான்ஸின் லியோன் நகரில் குதிரையேற்ற ஆசிரியர் க்ளாட் பூர்ஷெலா முதல் கால்நடை மருத்துவப் பள்ளிக்கு அடிபோட்டார். ஐரோப்பாவின் மாடுகளை வெக்கை நோய் வாரிக்கொண்டு போன காலம் அது. நான் படித்த வேப்பேரிக் கல்லூரி 1903-ல் டாபின் ஹால் என்ற பங்களாவில் தொடங்கியது. 1930-களின் நடுவில் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, நாட்டிலேயே முதலாவதாகக் கால்நடை மருத்துவப் பட்டம் கொடுத்தது. வெக்கை, அடைப்பான், சப்பை நோய், கோமாரி இவற்றோடு போராடத்தான் எங்கள் படிப்பே பிறந்தது. உழவன் வீட்டில் ஒரு மாடு செத்தால் அந்த வருடமே செத்தது. அந்த வரிசையில் மாடு முன்னால் நின்றதை நான் குறையாகச் சொல்லவில்லை. உலகத்தையே விட்டு வெக்கை நோய் ஒழிந்ததாக 2011-ல் அறிவித்த அன்று, எங்கள் தொழிலின் மூத்தவர்களை நினைத்துக் கண் கலங்கினேன்.

மேல்நாட்டிலும் பூனைக்கு வழி திறந்தது தற்செயலாகத்தான். லண்டன் கிரிஸ்டல் பேலஸில் 1871-ல் ஹாரிசன் வெயர் பெரிய பூனைக் காட்சி நடத்தினார். எலிபிடிப்பான் அழகுப் பிராணியாயிற்று. அடுத்த ஐம்பது ஆண்டில் மோட்டார் வண்டி வந்து தெருவிலிருந்து குதிரையை அகற்றியது. குதிரையை நம்பிப் பிழைத்த வைத்தியர்கள் நாயையும் பூனையையும் திரும்பிப் பார்த்தார்கள். 1917-ல் மரியா டிக்கின் என்ற பெண்மணி, லண்டனின் ஏழைப் பகுதியான வொயிட்சேப்பலில் இலவச மருந்தகம் திறந்தார். எந்தப் பிராணியானாலும் காசில்லாமல் வைத்தியம் என்று அறிவித்தார். எங்கள் ஆத்தாவின் சாக்குப்பைக்கு அங்கே யாரும் காரணம் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆனாலும் மேசைக்கு வந்த பூனையை வைத்தியர்கள் நெடுங்காலம் ‘சின்ன நாய்’ என்றே நினைத்தார்கள். வீட்டில் வளர்த்தவர்கள் ‘சின்னப் பிள்ளை’ என்று நினைத்தார்கள். இரண்டு எண்ணமும் பூனைகளைக் கொன்றன. நாயும் இல்லை, பிள்ளையும் இல்லை, பூனை பூனைதான் என்று ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்ட கதையைத்தான் பூனை மருத்துவத்தின் வரலாறு என்று நான் சொல்வேன்.

முதலில் சோறு. 1975-ல் அமெரிக்காவில், டாரின் என்ற சத்து இல்லாத உணவைத் தின்ற பூனைகளுக்கு விழித்திரை கெட்டுக் கண் போவதைக் கண்டார்கள். நாய் தன் உடம்பில் டாரினைத் தயாரித்துக்கொள்ளும். பூனையால் போதிய அளவு முடியாது, இறைச்சியிலிருந்துதான் பெற வேண்டும். 1987-ல் பால் பியன் என்ற கால்நடை மருத்துவரும் கூட்டாளிகளும், இதயம் வீங்கித் தளர்ந்து சாகும் பூனைகளுக்கு டாரின் கொடுத்தால் இதயம் தேறுவதைக் காட்டினார்கள். தின்றவை கடையில் விற்ற பூனைத் தீனியைத்தான். தீனி செய்பவர்கள் அதன்பிறகே டாரினை அதிகமாகச் சேர்த்தார்கள்.

அதைப் படித்த அன்று பத்தாயத்தடிப் பூனைகள் நினைவுக்கு வந்தன. பால்சோறு தின்றே அவை வளர்ந்ததாக நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். எலியும் மீன்குடலும்தான் அவற்றைக் காப்பாற்றியிருக்கின்றன. நகரத்தில் அடுக்குமாடி வீட்டுக்குள் அடைத்து, எலியும் இல்லாமல் மீனும் இல்லாமல், தயிர்ச்சோறு மட்டும் போட்டு அன்போடு வளர்த்த பூனைகளை என்னிடம் கொண்டுவந்திருக்கிறார்கள். இருட்டில் நாற்காலியில் முட்டிக்கொள்ளும் பூனைகள். கெட்டுப்போன விழித்திரையைத் திருப்பித் தர மருந்து கிடையாது.

அடுத்தது பெருவாரி நோய். ஒரு தெருவில் ஒரே வாரத்தில் ஏழெட்டுப் பூனை சாகும். பக்கத்து வீட்டுக்காரர் விஷம் வைத்துவிட்டார் என்று சண்டை வரும். 1980-களின் கடைசியில் அப்படி ஒரு சண்டைக்கு நடுவே என்னைக் கூப்பிட்டார்கள். திண்ணையில் நான்கு மாதக் குட்டி ஒன்று தண்ணீர்ச் சட்டியின் விளிம்பில் தாடையை வைத்து உட்கார்ந்திருந்தது. மூக்குக்கும் தண்ணீருக்கும் இடையில் ஒரு விரல் இடைவெளி. தாகம் இருந்தது, குடிக்க முடியவில்லை. தோலைத் தூக்கி விட்டால் இறங்காமல் அப்படியே நின்றது. ‘பேன்லுகோபீனியா’ என்ற வைரஸ் நோய். 1928-ல்தான் பிரான்ஸில் இது வைரஸ் என்று கண்டுபிடித்தார்கள். நல்ல தடுப்பூசிகள் 1960-களில் வந்தன. அன்றைக்கு என் பெட்டியில் அந்த ஊசி இல்லை. தோலடியில் உப்புநீர் ஏற்றினேன். விடிவதற்குள் குட்டி போய்விட்டது. அந்த வீட்டம்மா பக்கத்து வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டார்.

இந்த வைரஸ் தரையிலும் துணியிலும் ஒரு வருடம்வரை உயிரோடு கிடக்கும். செத்த குட்டியின் கூடையில் புதுக்குட்டியைப் படுக்க வைக்காதீர்கள் என்று இன்றும் கெஞ்சிச் சொல்கிறேன். தரையைப் பிளீச்சிங் தண்ணீரால் கழுவி, நன்றாக அலசிக் காய்ந்தபிறகே பூனையை விட வேண்டும். எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி. பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம்வரை. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி எந்த வாரம் தீரும் என்று குட்டிக்குக் குட்டி மாறுவதால்தான் இத்தனை தடவை. வயிறு மட்டும் பானையாகி முதுகெலும்பு துருத்தும் குட்டிக்கு, தாய்ப்பால் வழியாகவே உருண்டைப்புழு வந்திருக்கும். மூன்று வாரத்திலிருந்தே பூச்சிமருந்து வேண்டும், எடை பார்த்து, டாக்டர் சொல்கிற அளவில்.

மூன்றாவதைச் சொல்லக் கை நடுங்குகிறது. 1991-ல் என் உறவுக்காரப் பெண் ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்தாள். பூனை சுருண்டு படுத்திருக்கிறது, உடம்பு கொதிக்கிறது என்றாள். “காலையில கொண்டு வா” என்று சொல்லி வைத்துவிட்டேன். ‘நம்ம மாத்திரை எதையும் கொடுக்காதே’ என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பிள்ளைகளுக்குக் கொடுக்கிற பாரசிட்டமால் மாத்திரையில் பாதியைத் தேனில் குழைத்துக் கொடுத்திருக்கிறாள். காலையில் பார்த்தபோது முகமும் பாதமும் வீங்கியிருந்தன. உதட்டைத் தூக்கினேன், ஈறு காப்பிக் கஷாயத்தின் நிறம். இழுத்த ரத்தமும் அதே நிறம். மூச்சுக்குத் திணறி மத்தியானம் செத்தது.

அந்த மருந்தை உடைத்து வெளியேற்ற மனிதக் கல்லீரலுக்குள்ள வழி பூனைக்கு அநேகமாக இல்லை. தேங்குகிற நஞ்சு ரத்தத்தைப் பிராணவாயு சுமக்க முடியாதபடி கெடுக்கிறது. நாய்க்கு உண்ணிக்காகப் போடும் பெர்மெத்ரின் சொட்டு மருந்தும் இதே மாதிரிதான். நாய்க்கு ஒன்றும் செய்யாது, பூனைக்கு வலிப்பு வந்து உயிர் போகும். அன்றிலிருந்து எந்த நேரத்தில் யார் போன் செய்தாலும் என் முதல் வாக்கியம், “உங்க மாத்திரை எதையும் குடுக்காதீங்க” என்பதுதான்.

கடைசியாக அப்பாயியின் சாம்பல் சட்டி. 1947-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட்வர்ட் லோ என்பவரிடம் பக்கத்து வீட்டுப் பெண்மணி பூனைக்குப் போட மணல் கேட்டு வந்தார். குளிர்காலத்தில் மணல் உறைந்துவிட்டது. சாம்பல் போட்டால் வீடு முழுக்கப் பூனையின் காலடி. லோ, தொழிற்சாலைகளில் எண்ணெய்க் கசிவை உறிஞ்சப் போடும் களிமண் குருணையைக் கொடுத்துப் பார்த்தார். அதிலிருந்து ஒரு பெரிய தொழிலே கிளம்பியது. பூனை முழுநேரமும் வீட்டுக்குள் வாழ்வது சுலபமானது அதற்குப் பிறகுதான்.

அதில் ஒரு பெரிய நன்மை வைத்தியத்துக்கு விளைந்தது. தோட்டத்தில் மண்ணைக் கிளறி மூடிவிட்டு வரும் பூனை சிறுநீர் கழித்ததா என்று யாருக்குத் தெரியும்? மண்தட்டில் நனைந்த கட்டி கண்ணுக்குத் தெரியும். கடுவன் பூனைக்குச் சிறுநீர்ப்பாதை மெல்லியது. படிகமும் சளியும் சேர்ந்து சுலபமாக அடைத்துவிடும். அடைத்துக்கொண்டு முக்கும் பூனையைப் பார்த்து மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்தவர்கள் நிறையப் பேர். ஓரிரு நாளில் திறக்காவிட்டால் பூனை செத்துவிடும்.

பூனை பிறாண்டினால், கடித்தால், வெறிநோய் வராமலிருக்க மனிதருக்குச் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். குன்னூரில் 1907-ல் வெறிநாய்க்கடிக்கு மருத்துவம் தரும் நிலையம் வந்த நாளிலிருந்து நம் ஊருக்குத் தெரிந்த பாடம் இது. ஆட்டு மூளையிலிருந்து செய்த மருந்தைத் தொப்புளைச் சுற்றிப் போட்டுக்கொண்ட காலம் இந்தியாவில் 2004-ன் முடிவோடு போயிற்று. இன்றைக்குக் கையில் போடும் ஊசி. பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். பூனைக்கும் வருடாவருடம் வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள்.

குட்டி போட்ட பூனை ஏழு வீடு மாற்றும் என்பார்கள். மாற்றும் வீடெல்லாம் இன்று கதவை மூடிக்கொள்கின்றன. நான்கு மாதத்திலேயே சில பெட்டைகள் சினைக்கு வந்துவிடும். கருத்தடை அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள் என்பது என் வேண்டுகோள். 1959-ல் சென்னையில் கேப்டன் சுந்தரம் குடும்பத்தார் தொடங்கிய புளூ கிராஸ், குட்டிகளைச் சாகக் கொடுக்காமல் எண்ணிக்கையைக் குறைக்க முடியும் என்று இந்த ஊரிலேயே காட்டியிருக்கிறது.

ஓய்வு பெற்றபிறகு நான் வீட்டில் பூனைகளை மட்டும் பார்க்கிறேன். என் நோட்டில் ‘இதர’ என்று கட்டம் கிடையாது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் மூன்று வரி எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுவேன்: தின்றதா, போனதா, நக்கிக்கொண்டதா. பூனை நோவை மறைக்கும் பிராணி. மூன்று நாள் பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு ஏறும், மயிர் சிலிர்த்து அழுக்கேறினால் உள்ளே எங்கோ வலி. அப்பாயியின் மூன்று கேள்விக்கும் பதில் வாங்கிய பிறகே ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்க்கிறேன்.

போன மார்கழியில் ஒரு பையன் விடியற்காலை ஐந்தரைக்குக் கதவைத் தட்டினான். கையில் பிளாஸ்டிக் கூடை, உள்ளே நான்கு வயதுக் கடுவன். வெளியில் பார்க்க நோய் எதுவும் தெரியவில்லை. என்ன என்று கேட்டேன்.

“நல்லாத்தான் இருக்கு மேடம். ஆனா நேத்து ராத்திரியிலேர்ந்து மண்ணு நனையல.”

அடிவயிற்றைத் தொட்டேன். எலுமிச்சம்பழம்போல உருண்டு கல்லாக நின்றது சிறுநீர்ப்பை. குழாய் போட்டு அடைப்பை எடுத்தபோது மணி ஆறே கால். பூனை பிழைத்தது. அந்தப் பையனிடம், தட்டைப் பார்க்க யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். தினமும் படுக்கப்போகும் முன் அவன் பாட்டி கேட்பார்களாம்.